ஏசாத புத்தகம்

சரவணையில் அம்மன் கோயில் தேர் பார்த்துவிட்டு அன்ரன் வீட்டுக்கு வந்தபோது அவன் நெற்றியில் மூன்று குறி திருநீறும் நடுவில் சந்தனப் பொட்டும் இருந்தன. காற்சட்டைப் பொக்கற்றுக்குள் ஒரு வாழைப்பழம் நசிந்து போயிருந்தது.

முதலில் கண்டது அக்கினேசம்மா. அன்ரனின் தகப்பனுக்குத் தமக்கை. கலியாணம் கட்டாதவள். கரம்பொன் மாதா கோயில் மாதர் சபைக்குப் பன்னிரண்டு வருடமாகத் தலைவி. அவர்களோடு அதே வீட்டில் இருந்தாள்.

"லலிதா! இஞ்சை வாரும். வந்து உம்முடைய மகனைப் பாரும்!"

லலிதாம்பிகை குசினியிலிருந்து மாக் கையோடு ஓடி வந்தாள்.

"மாமா பூசிவிட்டவர்" என்றான் அன்ரன். ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் குற்றத்தின் நிழல்கூட இல்லை.

"விதை ஒண்டு போட்டால் சுரை ஒண்டு முளைக்குமே?" என்றாள் அக்கினேசம்மா. அது அன்ரனுக்குச் சொன்னதல்ல.

லலிதாம்பிகை சரவணையில் வயல் செய்கிற ஒரு கமக்காரரின் மகளாக, சைவப் பிள்ளையாக வளர்ந்தவள். வேலணையில் கிளாக்கராக இருந்த இன்னாசித்தம்பியை விரும்பி, ஞானஸ்நானம் பெற்றுக் கரம்பொன்னுக்கு வந்தவள். புருஷனுக்காகத்தான் வேதம் மாறினாள் என்று இரண்டு ஊரும் சொல்லிற்று. அது முழு உண்மையல்ல. கோயிலில் மாதா சுரூபம் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாலனைக் கீழே விழவிடாத ஒரு கை. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது 1962. இன்னாசித்தம்பிக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்து ஏழு வருடம். மாதத்தில் ஒருமுறை ரயிலேறி வருவார். வந்தால் அரசாங்க வேலைக்குத் தேவையான சிங்களச் சோதினைக்குப் படிப்பார், திரும்பிப் போவார். மூன்று பிள்ளைகள். அன்ரனுக்குக் கீழே தெரேஸ், ஏழு வயது. அவளுக்குக் கீழே சூசை, நாலு வயது.

அன்று அன்ரனின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கவேயில்லை. அடிக்கவா? சிரிக்கவா? அவள் வளர்ந்த வீட்டில் திருநீறு பூசாமல் நின்றால்தான் ஏச்சு விழும். மற்றப் பெண்களுக்கு இப்படி ஒரு திகைப்பு வருவதில்லை. பிள்ளை கோயிலில் சத்தம் போட்டால், செபம் சொல்ல மறுத்தால், பொய் சொன்னால், தங்கள் தாய் என்ன செய்தாளோ அதைச் செய்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தாயே புத்தகம். அவளுக்கு அந்தப் புத்தகம் வேறு பாஷையில் இருந்தது.

ஆகவே உண்மையான புத்தகம் ஒன்றைத் தேடுவதென்று தீர்மானித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போனாள். அவர் வயதானவர், காதும் கொஞ்சம் மந்தம்.

"சுவாமி, பிள்ளையளைக் கிறிஸ்தவப் பிள்ளையளா வளர்க்கிறது எப்பிடியெண்டு ஒரு புத்தகம் இருந்தால் தாங்கோ. ஏசாத புத்தகமாப் பாத்துத் தாங்கோ."

"என்ன புத்தகம்?"

"ஏசாத புத்தகம், சுவாமி. வாசிச்சால் மனத்துக்கு ஒரு தெம்பு வரவேணும்."

சுவாமியார் கோயிலோடு ஒட்டிய தன் அறைவீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்து நீல மட்டை போட்ட ஒரு புத்தகத்தோடு வந்தார். ஒரு சின்னப் புனிதனின் சரித்திரம். "இதைப் பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டும், பிள்ளை. அவன்ரை தாயைப் போல நீரும் இரும்."

அன்று செபமாலை முடிந்ததும் மூன்று பேரையும் பாயில் இருத்தி வாசித்தாள். அந்தப் பிள்ளை மூன்று வயதிலேயே வெள்ளிக்கிழமைகளில் இனிப்பைத் தொடவில்லை. ஐந்து வயதில் பலகையில் படுத்தது. ஓடி விளையாடியதில்லை. பதினோராம் வயதில் காய்ச்சல் வந்து, புன்னகையோடு இறந்துபோயிற்று. தாய் அழவில்லை, ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

"அவன் ஒரு நாளும் கடலுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டான் அன்ரன்.

"இல்லை."

"மாங்காய்க்குக் கல்லெறியேல்லையோ?"

"இல்லையடா."

அன்ரன் யோசித்தான். "அப்ப அவன் செத்தது பறவாயில்லை."

அவனை அதட்டிப் படுக்கப் போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள். மறுநாள் காலை தெரேஸ் பல்லுத் தீட்ட மாட்டேன் என்றாள், சிலுவை போட மாட்டேன் என்றாள், தம்பிக்குப் பாணில் பாதி கொடுக்க மாட்டேன் என்றாள். என்னடி உனக்கு என்று கேட்டதற்கு விம்மி விம்மி அழுதாள்.

"நான் நல்ல பிள்ளையா இருக்கமாட்டன். இருந்தால் செத்துப்போவன்."

எட்டு நாள் அது நீடித்தது. சூசையைக் கிள்ளினாள். செப நேரத்தில் வேண்டுமென்றே கொட்டாவி விட்டாள். உயிர் பிழைப்பதற்காகப் பாவம் செய்கிற பிள்ளையை எப்படித் திருத்துவது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

"புனிதற்றை சரித்திரத்தாலை பிள்ளையைக் கெடுத்த முதல் ஆள் நீர்தான்" என்றாள் அக்கினேசம்மா.

அடுத்ததாகக் கன்னியர் மடத்துக்குப் போனாள். அங்கே பெரிய மதர் அன்பாகத்தான் பேசினார். கையடக்கமான ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, "இதிலை எல்லாம் இருக்கு, மகள்" என்றார். உண்மைதான், எல்லாம் இருந்தது. தாய்மார் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தங்களைத் தாங்களே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள். நூற்று முப்பத்திரண்டு.

பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்து தொடங்கினாள். பிள்ளையின் குறும்பைக் கண்டு சிரித்தேனா? ஓம். பிள்ளை கேட்ட ஞானக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேனா? ஓம். கோபத்தில் அடித்தேனா? ஓம். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விட்டேனா? அதற்கும் ஓம். அறுபத்தோராம் கேள்வி: வேறு காரியங்களில் மூழ்கிப் பிள்ளைகளைக் கவனியாமல் இருந்தேனா? அதை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பின்பக்கத்திலிருந்து கோழி கத்துகிற சத்தம் கேட்டது. சூசை அடைகிடந்த கோழியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு, "ஞானஸ்நானம், ஞானஸ்நானம்" என்று அமுக்கிக்கொண்டிருந்தான்.

கோழி பிழைத்தது. முட்டைகள் பிழைக்கவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் புத்தகத்தையும் கொண்டு போனாள். ஒன்றும் மறைக்கக் கூடாது என்று படிப்பித்திருந்தார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமியார் ஒருமுறை இருமினார். பிறகு இன்னொருமுறை.

"இன்னும் எத்தினை இருக்கு, பிள்ளை?"

"எழுபத்தொண்டு, சுவாமி."

"வெளியிலை ஆக்கள் நிக்கினம். மிச்சத்தை ஆண்டவர் அறிவார்" என்றார் சுவாமியார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தக் கேள்விகளை எழுதினவருக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு பிள்ளையின் மூக்கையாவது துடைத்துவிட்டிருப்பாரா? நூற்று முப்பத்திரண்டு பிழை கண்டுபிடித்த மனிசனுக்கு, நீ செய்வதில் இது ஒன்றாவது சரி என்று சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லையா?

பள்ளிக்கூட விடுமுறையில் தெரேசையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போனாள். மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பாலத்தில் பஸ் ஓடும்போது காற்று ஆளைத் தூக்கியது. பட்டணத்தில் செபப்புத்தகமும் சுரூபமும் செபமாலையும் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னாள்.

முதலில் நவசந்நியாசிகளுக்கான ஒழுக்க நூல் ஒன்றை எடுத்து வைத்தார். அது வேண்டாம் என்றாள். பிறகு, "இது பிள்ளை வளர்ப்புத்தான்" என்று ஒன்று தந்தார். திறந்தால் பால்மா கரைக்கிற அளவும் வயிற்றோட்டத்துக்குக் கைமருந்தும். மூன்றாவதாக நரகத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகம். தெரேஸ் அதை எட்டிப் பார்க்குமுன் லலிதாம்பிகை மூடிவிட்டாள்.

"ஐயா, தெம்பு தாறமாதிரி ஒண்டும் இல்லையோ?"

"ஆருக்கு, பிள்ளை? பரிசு குடுக்கவோ?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "அதுதான் இல்லை. ஏசுற புத்தகம்தான் இஞ்சை போகும். வாங்கிறவை தங்களுக்கெண்டு வாங்கிறேல்லையே. மருமகளுக்குக் குடுக்க, தங்கச்சிக்குக் குடுக்க வாங்குவினம். தனக்கெண்டு வந்து கேட்ட ஆள் நீர்தான்."

வெறுங்கையோடு திரும்பினாள். தெரேசுக்கு மட்டும் ஒரு மாதா படம்.

அன்று பின்னேரமே புருஷனுக்குக் கடிதம் எழுதினாள். எப்போதும் நாலு வரி நலம் விசாரித்துத் தொடங்குகிறவள், அன்று அதை எழுதவில்லை. கொழும்பில் எத்தனையோ கடை இருக்கிறதே, ஒரு புத்தகம் பார்த்து அனுப்ப முடியாதா என்று கேட்டிருந்தாள்.

இரண்டு கிழமையில் பார்சல் வந்தது. தடித்த இங்கிலீசுப் புத்தகம். உள்ளே ஒரு துண்டுக் கடிதம்: "இது மிகவும் நல்ல புத்தகம் என்று எங்கள் கந்தோர் பெர்னாண்டோ சொன்னார். வடிவாக வாசித்து அதன்படி நடக்கவும்."

அதன்படி நடக்கவும். கந்தோரில் கீழே இருப்பவர்களுக்கு எழுதுகிற மாதிரி. புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பக்கங்கள் விளிம்பில் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன. அனுப்பியவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

குசினிக் கத்தியால் பக்கங்களைப் பிரித்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட இங்கிலீசைத் தட்டியெழுப்பி வாசித்தாள். அந்தப் புத்தகத்துக் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அறை. வெளியே பனி கொட்டும். எல்லாரும் நெருப்பைச் சுற்றி இருப்பார்கள். கரம்பொன்னில் கச்சான் காற்று வீசியடிக்கிற காலத்திலும் வியர்த்து வடியும். அதைப் பொறுத்துக்கொண்டாள். நாலாம் அதிகாரத்தில் தகப்பன் வந்தார். தினமும் மாலையில் பிள்ளைகளோடு இருந்து வேதாகமக் கதை சொன்னார். ஐந்தாம் அதிகாரத்தில் பிள்ளை பொய் சொன்னபோது தகப்பன் அவனை நடக்கக் கூட்டிப்போனார். ஆறிலும் தகப்பன். அவள் விரல்விட்டு எண்ணினாள். பதினொரு அதிகாரத்தில் ஏழு தகப்பனுக்கு.

இந்தப் புத்தகம் ஏசவில்லை. ஆனால் இதன்படி நடப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

மாத முடிவில் இன்னாசித்தம்பி வந்தார். குளித்து, சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து சிங்களப் பாடப் புத்தகத்தை விரித்தார். லலிதாம்பிகை அதன் மேல் இங்கிலீசுப் புத்தகத்தை வைத்தாள்.

"வாசியுங்கோ."

"இது உமக்கெல்லோ அனுப்பினனான்?"

"எனக்கு நாலு அதிகாரம்தான் இருக்கு. நான் வாசிச்சு முடிச்சிட்டன். மிச்சம் உங்களுக்கு."

அக்கினேசம்மா செபமாலையை உருட்டியபடி வாசலில் வந்து நின்றாள். "என்ன கதை இது? ஆம்பிளையள் உழைக்கப் போறவை. பிள்ளையளைப் பாக்கிறது தாயின்ரை வேலை. எங்கடை அம்மா எட்டுப் பேரைப் புத்தகம் பாத்தே வளர்த்தவ?"

பத்து வருடமாக லலிதாம்பிகை மச்சாளுக்கு எதிர்த்துப் பேசியதில்லை.

"இல்லை மச்சாள். அவ புத்தகம் பாக்கேல்லை. அவவுக்கு அவவின்ரை அம்மா காட்டினவ. உங்களை மடியிலை வைச்சு உங்கடை கையைப் பிடிச்சுச் சிலுவை போடப் பழக்கினவை. எனக்கு ஆர் பழக்கினது? இருபத்திரண்டு வயதிலை நானாப் பழகினனான். நான் பிழை விடுறன் எண்டு இந்த வீட்டிலை எல்லாருக்கும் தெரியுது. சரி எது எண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியேல்லை. கேட்டால் ஒரு புத்தகம் தாறியள். அதுவும் என்னை ஏசுது!"

அக்கினேசம்மா செபமாலையை உருட்டியபடியே உள்ளே போனாள். இன்னாசித்தம்பி புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, சரி. வாசிக்கிறன்" என்றார். வாசிக்கவில்லை. நித்திரையாகிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு விடியக்காலை சரவணையிலிருந்து ஆள் வந்தது. தமையன், அன்ரனின் மாமா ஞானசம்பந்தனின் மனைவிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், தங்கச்சி உடனே வரவேண்டும். அக்கினேசம்மாவோ நாரந்தனையில் சபைக் கூட்டம் என்று அதற்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தாள். லலிதாம்பிகை சீலையை மாற்றிக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "மூண்டு பேரையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சோறு அடுப்பிலை இருக்கு. நான் பின்னேரம் வருவன்."

"அதுக்கென்ன" என்றார் இன்னாசித்தம்பி.

அவள் திரும்பி வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. ஞானசம்பந்தனுக்குப் பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். அந்தச் சந்தோஷத்தோடு படலையைத் திறந்தாள்.

இன்னாசித்தம்பி முற்றத்தில் மர வாங்கில் இருந்தார். சேட்டின் தோள் தையல் விட்டிருந்தது. சூசை அவர் மடியில் நித்திரை. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. தெரேசின் தலையில் ஒரு பக்கம்தான் பின்னல் இருந்தது. மறுபக்கம் ஏதோ கயிற்றால் கட்டியிருந்தது. அன்ரன் கிணற்றடியில் உப்புத் தண்ணீர் பட்ட காற்சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடந்தது?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரசங்கத்தின்போது சூசை வாங்குகளுக்குக் கீழே தவழ்ந்துபோய்ப் பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தியின் செருப்பைப் போட்டுக்கொண்டு பீடத்தடிக்கு நடந்தான். பிடிக்கப் போனபோது வாங்கு மூலையில் சேட்டு மாட்டிக் கிழிந்தது. தெரேஸ், தனக்குத் தலை பின்னத் தெரியாத அப்பாவோடு இருக்க மாட்டேன் என்று கோயில் கேட்க அழுதாள். இரண்டு பேரையும் சமாளித்துத் திரும்பிப் பார்த்தால் அன்ரனைக் காணவில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை, முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகச் சைக்கிளில் வைத்து உழக்கிப் போய், ஒரு வள்ளத்துக்குள் இருந்தவனைப் பிடித்தார்.

"அடிக்கத்தான் போனனான். கையை ஓங்கினன். அப்ப அவன் கேட்டான், மாமா திருநீறு பூசினது பாவமோ அப்பா, ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

இன்னாசித்தம்பி தலையைச் சொறிந்தார். "அம்மாட்டைக் கேள் எண்டு சொன்னனான்."

லலிதாம்பிகைக்கு ஏழு வருடத்து எரிச்சல் முழுவதும் திரண்டு வந்தது. பரம்பரைக் கத்தோலிக்கர். ஞானோபதேசத்தில் பரிசு வாங்கினவர்.

அவள் ஏதும் சொல்லுமுன் அவர் மெதுவாகச் சொன்னார்: "லலிதா, என்னாலை ஒரு நாள் ஏலாமப் போச்சு. இதை நீர் ஏழு வரியம் தனியச் செய்தனீர். என்னாலை ஏலாது. சத்தியமா ஏலாது. நீர் நல்லாத்தான் செய்திருக்கிறீர்."

சுவாமியாரின் அலுமாரியிலும் மடத்திலும் பட்டணத்துக் கடையிலும் அவள் தேடியது இந்த ஒரு வரியைத்தான். அது கிடைத்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு ஏழு வரியம் வேணுமே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் அழுதாள். சூசை முழித்து, தாய் அழுவதைக் கண்டு தானும் அழுதான். இன்னாசித்தம்பி யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் கைலேஞ்சியை நீட்டியபடி இருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அன்ரன் நிமிர்ந்து பார்க்காமல் காற்சட்டையைக் கும்மினான்.

"அன்ரன், இஞ்சை பார். மாமா பூசினது பாவமில்லை. உன்னிலை இருக்கிற அன்பிலை பூசினவர். நீ மாமா வீட்டை போனால் மரியாதையா நில்லு. நீ ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, உன்ரை கோயில் இஞ்சை இருக்கு. இஞ்சை சிலுவை போட்டுக் கும்பிடு. அவையும் அம்மாவின்ரை ஆக்கள்தான். விளங்கிச்சோ?"

"ஓம்."

"ஆரும் ஏசினால் என்னட்டை வரச் சொல்லு. பூசை நேரத்திலை வள்ளத்துக்குப் போனதுதான் பிழை. அதுக்கு நாளைக்கு நீ எங்கையும் போகாமல் வீட்டிலை நிக்கவேணும்."

"நாளையிண்டைக்குப் போகலாமோ?"

"கேட்டுப்போட்டுப் போ."

எங்கேயும் வாசிக்காமல், யாரிடமும் கேட்காமல் அவ்வளவையும் சொல்லிவிட்டாள். சொன்னது சரியா என்று ஒரு கணம் பயம் வந்தது. பிறகு, சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது.

அடுத்த நாள் இன்னாசித்தம்பி கொழும்புக்குப் போனார். போனதும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினார். சும்மா கிடைக்கிற காரியமா அது? ஒன்றுக்கு மூன்று மனு. அப்படியும் பதினொரு மாதம் சென்றது. அந்தப் பதினொரு மாதமும் லலிதாம்பிகைக்கு முன்போலவே போயிற்று. சூசை கோழியை விட்டு ஆட்டைப் பிடித்தான். அக்கினேசம்மா கொஞ்சம் குறைத்துப் பேசினாள், அவ்வளவுதான்.

மாற்றம் கிடைத்து வந்த பிறகு அவர் காலையில் பஸ்ஸில் கந்தோருக்குப் போய்ப் பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். முதல் நாள் சப்பாத்தைக் கழற்றுமுன்பே மூன்று பேரும் மூன்று முறைப்பாட்டோடு சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

லலிதாம்பிகை தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, எட்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்தச் சத்தம் தனக்கில்லை என்று, தண்ணீர் கொதிக்கும்வரை சும்மா இருந்தாள்.